கடைசியில் ஊற்றும் குழம்பு

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலைக்கு நானும் என் வீட்டுக்காரரும் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறோம். ஆள் ஏராளம், ஆளுக்கொரு நாக்கு. ஒருத்திக்குப் பாதிச் சோறு போதும், ஒருவனுக்குக் குழம்பு மிதக்க வேண்டும், இன்னொருவனுக்குக் காரம் ஆகாது. கேட்டது கேட்டபடி கிடைக்கும் என்பதால்தான் எங்களுக்கு அங்கே பெயர்.

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. அடுப்பில் இருப்பது நாலைந்து சட்டிதான். எல்லாப் பொட்டலக் காகிதத்திலும் சோறும் காயும் ஒரே மாதிரி முதலில் விழுந்துவிடும். ஆளுக்கு ஆள் மாறுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்: எந்தக் குழம்பு, எவ்வளவு, சம்பால் என்கிற மிளகாய்த் தொக்கு உண்டா இல்லையா. அதனால் வேன் கிளம்பும்வரை போனில் மாற்றிச் சொல்லலாம். மடித்த பிறகு ரப்பர் பட்டை. கோழிக்குச் சிவப்பு, மீனுக்கு மஞ்சள், சைவத்துக்குப் பச்சை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது. இருக்காதா பின்னே?

பக்கத்துச் சிடாம் கிரியிலிருந்து வேலைக்கு வரும் ஒரு தம்பி, தொழிற்சாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுபவன், தைப்பூசத்துக்கு விரதம் இருந்தான். அவன் சின்ன மகளுக்கு இதயத்தில் ஆபரேஷன். பிழைத்து வந்தால் காவடி எடுப்பதாக வேண்டுதல்; பிழைத்துவிட்டாள். தினமும் காலையில் போன் வரும்.

"அக்கா, எனக்கு சைவம்லா. மறந்துடாதீங்க."

"எத்தன வாட்டிப்பா சொல்லுவ? எனக்குத் தெரியாதா?"

பூசத்துக்குச் சில நாள் முன்பு, கடைசி நேரத்தில் நிறைய பேர் மாற்றிச் சொன்னார்கள். மேசையில் இடம் போதாமல் சைவப் பொட்டலங்கள் மற்றவற்றின் நடுவே தள்ளப்பட்டன. எங்களிடம் சாப்பிடுகிறவர்களுக்குப் பருப்பின் மேல் ஒரு கரண்டி கறிக்குழம்பு விழுந்தால்தான் சோறு இறங்கும். வீட்டுக்காரரின் கைக்கு அது பழகிப்போன பழக்கம். பருப்பை ஊற்றினார், பின்னாலேயே கறிக்குழம்பும் விழுந்துவிட்டது. நான் மடித்துப் பச்சைப் பட்டையைப் போட்டு அனுப்பினேன்.

மதியம் அவன் கூப்பிட்டான். குரலில் கோபமே இல்லை.

"அக்கா, எலும்பு தட்டுப்பட்டுச்சு. பாதி சாப்ட்டுட்டேன்."

அன்று வீட்டுக்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "கை தானா போயிடுச்சுடி" என்று தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கையை மட்டும் சொல்லி என்ன செய்ய? திறந்து கிடக்கும்போது எல்லாப் பொட்டலமும் ஒன்றுபோல இருக்கும். எது சைவம் என்று காட்டும் பட்டை, மூடிய பிறகுதானே ஏறுகிறது! இது இத்தனை நாள் எங்கள் யார் மண்டையிலும் உறைக்கவில்லை. இப்போது சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. என்ன பிரயோஜனம்? அவனுக்கு உதவவில்லையே.

மறுநாள் சாயங்காலம் இருவரும் அவன் வீட்டுக்குப் போனோம். தெரியாமல் நடந்தது, சாமி கோவிச்சுக்காது, பூசாரியிடம் கேட்டுப் பார் என்றேன்.

"சாமி கோவிச்சுக்காதுக்கா. எனக்குத்தான் மனசு வரல. புள்ளைக்காக சொன்னது. கொறையா செய்யக்கூடாதுலா. இந்த வருஷம் எடுக்கல."

அப்போது அந்தப் பெண் குழந்தை புது மஞ்சள் பாவாடையோடு உள்ளேயிருந்து ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, எங்கப்பா காவடி எடுக்கிறாரு. நீங்களும் வருவீங்களா?" என்று கேட்டாள்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.