மெற்றில்டாவின் குரல்

வெந்நீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு. பிறகு மைக்கை வாயருகே பிடித்து, ரயில் கதவை விட்டு விலகி நிற்கும்படி மெற்றில்டா ஆங்கிலத்தில் அறிவிக்கிறார். சில்லுகளின் கிறீச்சொலி அந்தக் குரலிடம் தோற்றுப்போகும்.

மன்னாரில் பிறந்தவர். வயது நாற்பத்தெட்டு. ஞாயிறுகளில் பங்குக் கோவில் பாட்டுக்குழுவை நடத்துகிறார். மற்ற நாட்களில், மேற்கு லண்டனில் நான் ரயில் மாறும் நிலக்கீழ் நிலையத்தை. வேலை என்னவோ மேடை அறிவிப்பாளர்தான்; "இது எங்கடை ஸ்ரேசன்" என்றுதான் சொல்வார். மேடையில் கடதாசி போட்டவர் கழுத்துப்பட்டி கட்டிய கனவானாக இருந்தாலும் கூப்பிட்டு எடுக்கவைப்பார்.

அவருடைய ஆங்கிலத்தில் மன்னார் மணக்கும். உச்சரிப்பு விளங்கவில்லை என்று சில பயணிகள் முறையிட்டதால், அறிவிப்புகளைக் குறைக்கும்படி நிலைய மேலாளர் சொன்னார்.

"விளங்காமலோ எல்லாரும் விலகி நிக்கினம்?" என்று மெற்றில்டா என்னிடம் கேட்டார். குறைக்கவில்லை.

1991 மாசி மாதம். பனி கொட்டிய ஒரு மாலை. ரயில்கள் குறைவு, நான் நின்ற மேடையில் கால் வைக்க இடமில்லை. பாலேந்திரா என்ற இளைஞர், ஊரிலிருந்து வந்து ஒரு கிழமையே ஆன தாய் கனகாம்பிகையோடு ரயிலேற நின்றார். நெரிசல் அவரை உள்ளே தள்ளியது. தாய் வெளியே நிற்கக் கதவு மூடிவிட்டது. மகனைக் கொண்டுபோன ரயிலின் திசையிலேயே அந்த அம்மா நடக்கத் தொடங்கினார்.

மேடை முடியும் இடத்தில் சுரங்கத்துக்குள் இறங்கும் படிகள் உண்டு. பலர் ஆங்கிலத்தில் கத்தினார்கள். அவர் திரும்பவில்லை. மெற்றில்டாவோ மறு கோடியில், இடையில் சனக்கூட்டம். அடுத்த ரயிலின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது.

கூரை ஒலிபெருக்கிகளில் தமிழ் முழங்கியது.

"அம்மா! சேலை உடுத்த அம்மா! அங்காலை போகாதேங்கோ. சுவரோடை ஒட்டி நில்லுங்கோ. மகன் திரும்பி வருவார். நான் இப்ப வாறன்."

முதற்படியில் வைத்த காலை அந்த அம்மா பின்னுக்கு எடுத்தார். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். ரயில் வந்து நின்றது. எங்கள் மொழியை அந்த நிலையத்தில் அவ்வளவு உரத்து நான் கேட்டதேயில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெற்றில்டா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"எங்கடை கோவில் அம்மாளாச்சிதான் கூப்பிட்டவா எண்டு நினைச்சன், பிள்ளை."

"இல்லையம்மா. மன்னார்க்காரி."

சற்று நேரத்தில் பாலேந்திரா மூச்சிரைக்கத் திரும்பி வந்து தாயைக் கட்டிக்கொண்டார். இருவரையும் ரயிலேற்றிவிட்டு மெற்றில்டா தன் இடத்துக்குப் போனபோது, மேலாளர் முகம் சிவந்து நின்றார். அறிவிப்பு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி தெரியாதா என்று கேட்டார்.

"தெரியும். அந்த அம்மாவுக்குத்தான் ஆங்கிலம் தெரியாது" என்றார் மெற்றில்டா, ஆங்கிலத்தில், மிகத் தெளிவாக.

மேலாளர் விடவில்லை. ஒழுங்கு, பொறுப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். சுரங்கத்தில் அடுத்த ரயிலின் வெளிச்சம் தெரிந்தது. மெற்றில்டா இடது உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே உயர்த்தி, பேச்சை நிறுத்தும்படி காட்டிவிட்டு, மைக்கோடு பயணிகள் பக்கம் திரும்பினார்.