பனிக்குள் போன மயில்

மார்கழி விடியலில் நாமக்கல் பனி எங்கள் கொல்லைப்புறத் தென்னைகளைப் பாதிக்கு மேல் காணாமல் ஆக்கிவிடும். அந்த வெண்மைக்குள் உட்கார்ந்து தீ மூட்டிக் குளிர்காய, என் கணவர் பழைய லாரிச் சக்கரத்தின் ரிம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை அவருடையது. ரிம்மை ஓலைக் கொட்டகையிலிருந்து தள்ளி வைத்ததும், சுற்றிக் கிடந்த சருகுகளைக் கூட்டியதும், ஒரு வாளி மணல் கொண்டுவந்து வைத்ததும் நான். நெருப்பு விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை, அவர் உட்பட.

அன்று, பட்டறையில் கழற்றிப் போட்ட ஒரு பின்கதவுப் பலகையை அவர் தீயில் வைத்தார். அதில் பெயிண்டில் வரைந்த மயில் ஒன்று இருந்தது. தீ பச்சையாக எழுந்தது, பிறகு நீலமானது. மயில் பலகையிலிருந்து இறங்கித் தோகையை இழுத்துக்கொண்டு பனிக்குள் நடந்து போவதுபோல் இருந்தது. மணல் வாளியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் தொண்டை எரிந்தது. அவர் குனிந்து இருமத் தொடங்கினார்.

"ஏனுங்க, பெயிண்டுப் பொகைங்க இது! எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்க!" என்று கத்திக்கொண்டே மணலைக் கொட்டினேன்.

மறுநாள் காய்ந்த வேப்பங்கட்டையை எரித்தோம். வெறும் மஞ்சள் தீ.

"கலரே இல்ல புள்ள" என்றார்.

"இருமலும் இல்லீங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் பார்க்காதபோது, பனிக்குள் அந்த மயிலைத் தேடினேன்.