கயலின் போனுக்குப் போட்ட பூட்டு

தி.நகரில் உஸ்மான் ரோட்டுப் பக்கம் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றின் பெண்கள் வாசலில் பதினோரு வருஷமாக நிற்கிறவள் அன்புக்கரசி. உள்ளே வருகிறவர்களின் பையைத் தொட்டுப் பார்த்து, ஜிப்பின் இரண்டு நுனியையும் சேர்த்து வெள்ளை நைலான் டேக் ஒன்றை மாட்டி இறுக்கிவிடுவது அவள் வேலை. அதை வெட்டுவது வெளிவாசல்காரர்களின் வேலை. கத்தரியும் அங்கேதான், நூலில் கட்டித் தொங்கும்.

உள்ளே இருப்பது டிபன் பாக்ஸா, பால் புட்டியா, பக்கத்துக் கடையில் வாங்கிய ரவிக்கைத் துணியா என்று பையைத் திறக்காமலே அவள் விரல்கள் சொல்லிவிடும். வீட்டிலும் இதே விரல்கள்தான். புருஷன் கோதண்டபாணி ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து சட்டையை ஆணியில் மாட்டினால், அந்தப் பக்கமாகப் போகும்போது பாக்கெட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவாள். தீப்பெட்டி இருந்தால் மாட்டிக்கொள்வான். அவன் சிகரெட்டை விட்டு நாலு வருஷமாகிறது. விட்டதற்குப் பாதிக் காரணம் இந்தத் தட்டு.

மகள் கயல் ஒன்பதாவது படிக்கிறாள். கேரம் ஆடுவதில் பள்ளிக்கூடத்தில் அவளை மிஞ்ச ஒருத்தியும் இல்லை. அந்தப் பள்ளியில் பி.டி. டீச்சர் எதையும் வாயால் சொல்வதில்லை. எல்லாம் வாட்ஸ்அப்தான். அது வருவது அன்புக்கரசியின் போனுக்கு. கடையிலோ வேலைக்காரர்களின் போன்களைக் காலை ஒன்பதரைக்கு லாக்கரில் வைத்துப் பூட்டினால் இரவு ஒன்பது மணிக்குத்தான் கொடுப்பார்கள். “நாளைக்கு வெள்ளை ஷூ கட்டாயம்” என்று காலை பத்து மணிக்கு வந்த செய்தியை அவள் படிக்கும்போது ஷூ கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் பயிற்சியை கே.கே. நகருக்கு மாற்றியது தெரியாமல் கயல் பூட்டிய பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தாள். அதற்கு மேல் அவளுக்கு ஒரு போன் வாங்குவதைத் தள்ளிப்போட முடியவில்லை.

மூவருமாக மேற்கு மாம்பலத்தில் அக்பர் பாஷாவின் செல்போன் கடைக்குப் போனார்கள்.

“கேமரா இல்லாம, கேம் இல்லாம, படம் கிடம் பாக்க முடியாம, வாட்ஸ்அப் மட்டும் வர்ற மாதிரி ஒண்ணு குடு பாய்” என்றாள் அன்புக்கரசி.

“அப்டி ஒண்ணு இருந்தா மொதல்ல எனக்கு வேணும்க்கா. நானாவது உருப்புடுவேன்” என்றார் பாஷா.

அவர் எடுத்து வைத்த நாலு போன்களையும் அவள் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தி, ஓரங்களை வழித்துப் பார்த்து, முதுகில் தட்டிப் பார்த்தாள்.

“அக்கா, உள்ள எதையும் ஒளிச்சி வெக்கல” என்றார் பாஷா.

இருப்பதிலேயே சின்னதைக் காட்டி, அதுவே போதும் என்றாள் கயல். கோதண்டபாணிதான் பெரிய திரை போனைக் கீழே வைக்கவில்லை. “சின்னதுன்னா புள்ள உத்து உத்துப் பாக்கும். கண்ணு இன்னாத்துக்கு ஆவறது?” என்றான். மகள் மேல் அவனுக்கு இத்தனை கரிசனமா என்று அன்புக்கரசிக்கு மனசு இளகி, பெரியதற்கே தலையாட்டினாள்.

பாஷா அதில் ஒரு பூட்டும் போட்டுக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் போன் ஓடும். நேரம் முடிந்தால் பேச மட்டும் பேசலாம், மற்றதெல்லாம் இருட்டு. பிள்ளை என்ன பார்த்தாள், எவ்வளவு நேரம் பார்த்தாள் என்ற விவரம் அம்மாவின் போனுக்கு வந்துவிடும். பைக்கு டேக் போட்டு முடித்ததுபோல அன்புக்கரசி அதை நிம்மதியாக வாங்கிக்கொண்டாள்.

முதல் வாரக் கணக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பள்ளிக்கூட வாட்ஸ்அப், நாற்பது நிமிடம். கேரம் வீடியோ, இருபது நிமிடம். காட்டுக்குள் இரண்டு ஆண்கள் மூங்கில் கழியால் மண்ணைத் தோண்டி நீச்சல் குளம் கட்டும் வீடியோ, ஐந்து மணி நாற்பது நிமிடம்.

சாப்பிடும்போது விசாரணை நடந்தது.

“யாருடி அவங்க?”

“எவங்கம்மா?”

“சட்ட போடாத ரெண்டு பேரு. குழி நோண்டிக்கினு கீறாங்களே.”

கயல் தட்டைப் பார்த்துக்கொண்டு, “தெர்லம்மா” என்றாள்.

“தெரியாதவங்களயா வாரம் பூரா பாத்துக்கினு கீற?”

கோதண்டபாணி சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “வுடு. புள்ளைக்கு இஞ்சினியரா வர ஆச போல” என்றான்.

மறுநாள் வாசலில் இதை அஸ்மத்துன்னிசாவிடம் சொன்னாள். அவளும் அதே வாசலில் நிற்பவள், மூன்று பெண்களை வளர்த்தவள்.

“வயசு இன்னா இருக்கும் அவனுங்களுக்கு?” என்று கேட்டாள் அஸ்மத்.

“உடம்பு பூரா மண்ணு. வயசு தெர்ல.”

“என் பெரியவ மருதாணி வீடியோ பாத்துப் பாத்து என் கையி, அவ அத்த கையி, பக்கத்து வூட்டுக் கைக்குழந்த வரைக்கும் போட்டு வுட்டா. உனக்கு ஒரு கொளமாவது கெடைக்கும்.”

அன்புக்கரசிக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது வாரம் அதே இரண்டு பேர் குளத்தோடு மாடி வீடும் கட்டியிருந்தார்கள். ஆறு மணி நேரம். இன்னொரு வாரம் இது தொடர்ந்தால் போன் திரும்ப பாய் கடைக்கே போகும் என்று கயலிடம் சொன்னாள். கயல் தலையாட்டிச் சரி என்றாள். அவ்வளவு லேசாகச் சரி என்றதுதான் தாய்க்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

அந்த மூன்றாவது வாரத்தில் வந்தது ஓர் ஆடி வெள்ளி. பள்ளி விட்டுக் கயல் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தபோது மணி மூன்று ஐம்பது. மாவட்ட கேரம் போட்டிக்குப் பள்ளியிலிருந்து நாலு பேர், அதில் அவளும் ஒருத்தி. டீச்சர் அனுப்பியிருந்த படிவத்தை இன்று மாலை ஐந்து மணிக்குள் நிரப்ப வேண்டும். நிரப்பாதவளின் இடம் ஐந்தாவதாகக் காத்திருப்பவளுக்குப் போகும். கயல் பெயர், பிறந்த தேதி, பள்ளி எல்லாம் போட்டாள். “பெற்றோரின் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டது” என்று வந்தது. உடனே திரை இருண்டு, “இன்றைய நேரம் முடிந்தது” என்றது. அவள் போனைத் தொட்டு இரண்டே நிமிடம்தான் ஆகியிருந்தது.

அம்மாவுக்குப் போட்டாள். மணி லாக்கருக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் பட்டன் போனுக்குப் போட்டாள்.

“அடையாறு சவாரில கீறேன். இன்னாம்மா?”

சொன்னாள். எதிர்முனையில் ஆட்டோ சடக்கென்று பிரேக் அடித்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு கோதண்டபாணி, “நீ அம்மாகிட்ட ஓடும்மா. சீக்கிரமா போம்மா” என்றான். இரண்டு ‘ம்மா’ ஒரே மூச்சில் வந்தது கயலுக்கே புதிதாக இருந்தது.

போனைப் பள்ளிக்கூடப் பையில் போட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி, ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் முட்டி மோதி அவள் கடை வாசலை அடைந்தபோது மணி நாலு இருபத்தைந்து. பெண்கள் வரிசை தெருவரை நீண்டிருந்தது. நின்று, நகர்ந்து, மேஜைக்கு வந்து பையை வைத்து, “அம்மா” என்றாள்.

பின்னால் யாரோ இடித்தார்கள். அன்புக்கரசி நிமிரவில்லை. காலையிலிருந்து எத்தனையோ பேர் அவளை அம்மா என்று கூப்பிட்டிருந்தார்கள். பை, தொட்டாள், நோட்டுப் புத்தகம், ஜாமெட்ரி பாக்ஸ், ஜிப்பு, டேக், சர்ரென்று இழுத்தாள். அதன் பிறகுதான் பையின் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

“நீ எங்கடி இங்க?”

கயல் மூச்சு வாங்கச் சொன்னாள். பாதியிலேயே அன்புக்கரசிக்குக் கோபம் வந்தது. “ஒரு மணி நேரத்தயும் அந்தக் குழிக்காரங்ககிட்ட வுட்டுட்டு இங்க வந்து நிக்கிறியா?”

“அத்த அப்பறம் திட்டும்மா. ஃபார்மு அஞ்சு மணிக்கு மூடிடும்.”

“போனு எங்க?”

கயல் பையைக் காட்டினாள். பக்கத்தில் நின்ற அஸ்மத்தும் சேர்ந்து மூன்று பேரும் டேக்கைப் பார்த்தார்கள். பல்லால் கடித்தாலும் அறாது. அறக்கூடாது என்றுதான் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அஸ்மத்தான் முதலில் தெளிந்தாள். “பொண்ணு, நீ உள்ள பூந்து வெளிவாசல் போ. துணி கிணி எத்தயும் பாக்காத. அன்பு, நீ லாக்கருக்கு ஓடு. நான் ரெண்டு கையாலயும் பாத்துக்கறேன்.”

லாக்கர் சாவி மேனேஜர் செந்தில்குமாரிடம் இருந்தது. அவர் வெளிவாசலை அடுத்த படிக்கட்டில் நின்று வாக்கி டாக்கியில் யாரையோ கடிந்துகொண்டிருந்தார்.

“போன் எதுக்கும்மா இந்த நேரத்துல?”

“பொண்ணு கேரம் போட்டிக்கு ஓடிபி வந்துகீது சார்.”

“பொண்ணுக்குன்னா பொண்ணு போனுக்குத்தான வரணும்?”

“அத்த நான் பூட்டி வெச்சிகீறேன் சார்.”

“அப்போ தெறந்து வுடுங்க.”

“அது பையில கீது சார்.”

“பையத் தெறங்க.”

“டேக் போட்டுகீது சார்.”

“யாரு போட்டது?”

“நான்தான் சார்.”

செந்தில்குமார் வாக்கி டாக்கியை அணைத்துவிட்டு அவளை ஒரு தடவை முழுதாகப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

அதற்குள் கயல் வெளிவாசலுக்கு வந்திருந்தாள். அங்கிருந்த காவலாளி பில் கேட்டார். ஒன்றும் வாங்கவில்லை என்றாள். “ஆடியில ஒண்ணும் வாங்காம வெளிய வர்ற மொத ஆளு நீதாம்மா” என்று சொல்லிக்கொண்டே டேக்கை வெட்டினார். படிக்கட்டில் ஏறி வந்து போனை அம்மாவிடம் நீட்டினாள். மணி நாலு நாற்பத்தெட்டு.

பூட்டைத் திறக்க ரகசிய எண் கேட்டது. அன்புக்கரசி மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலு இலக்கத்தைத் தட்டினாள். திரை வெளிச்சமானது. கயல் படிவத்தை மறுபடியும் முதலிலிருந்து நிரப்பத் தொடங்கினாள். பழைய ஓ.டி.பி. காலாவதியாகிவிட்டது, புதியதற்குக் காத்திருக்க வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் அன்புக்கரசி தன் போனில் அன்றைய விவரத்தைத் திறந்தாள், திட்டுவதற்கு ஆதாரம் வேண்டுமே என்று. நீச்சல் குளம், ஐம்பத்தெட்டு நிமிடம். வாரக் கணக்கில் மொத்த நேரம் மட்டும்தான் வரும். இதில் கடிகார நேரமும் இருந்தது. காலை ஐந்து பன்னிரண்டிலிருந்து ஆறு பத்து வரை.

ஐந்து பன்னிரண்டுக்குக் கயல் தாயின் முழங்கையில் தலையை வைத்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறரைக்கு அவளை உலுக்கி எழுப்பியது அன்புக்கரசிதான். அந்நேரத்தில் அந்த வீட்டில் படுக்கையை விட்டு எழுந்திருப்பது ஒரே ஆள். ஆறு குடித்தனத்துக்கு ஒரு கழிப்பறை. கோதண்டபாணி விடியற்காலையில் பக்கெட்டோடு போய் வரிசையில் நிற்பான், திரும்ப ஒரு மணி நேரமாகும். இரண்டு வாரமாக ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, எதிர்வீட்டு ஜானு உள்ளே போனால் வெளியே வருவதில்லை என்றான். அதை நம்பி அன்புக்கரசி ஜானுவிடம் போய், வயிற்றுக்கு ஏதாவது மருந்து சாப்பிடக்கூடாதா என்று கேட்டுவிட்டும் வந்திருந்தாள். ஜானு அன்றிலிருந்து பேசுவதில்லை.

“கயலு. காலைல போன எடுக்கறது நைனாவா?”

கயல் படிவத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. “ம்.”

“அன்னிக்கே ஏண்டி சொல்லல?”

“சொன்னா நைனாவ ரெண்டு திட்டு திட்டிட்டு வுட்டுடுவ. போனத்தான் பாய் கடைக்குத் தூக்கினு போவ.”

அன்புக்கரசி யோசித்துப் பார்த்தாள். அப்படித்தான் செய்திருப்பாள்.

ஓ.டி.பி. வந்தது. ஆறு எண்ணையும் அவள் உரக்கப் படிக்க, கயல் போட்டாள். பச்சை டிக் விழுந்தபோது மணி நாலு ஐம்பத்தாறு. இரண்டு நிமிடத்தில் குழுவில் டீச்சர் கட்டைவிரலைப் போட்டார். கயல் சுவரில் சாய்ந்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

செந்தில்குமார் லாக்கரைப் பூட்ட வந்தவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “அது என்ன ஆப்புமா? என் பையனும் எந்நேரமும் போன்தான். அதுல போட்டா அடங்குவானா?”

“உங்களுக்கு இன்னா சார்” என்றாள் அன்புக்கரசி, தன் போனை அவர் கையில் கொடுத்துக்கொண்டே. “உங்க போனு உங்க கையிலயே கீது. நீங்க தாராளமா பூட்டலாம்.”

அவர் லாக்கரைச் சாத்தினார்.

அன்புக்கரசி மகளைத் தெருவரை கொண்டுவிட வந்தாள். வாசலில் அஸ்மத் தனியாகத் திண்டாடுவது தெரிந்தது. திரும்பியாக வேண்டும். இருந்தாலும் நின்றாள்.

“தோ பாரு. நாளைக்கும் நாலு மணிக்கு இப்டி எதுனா வரும். அப்பவும் நான் இங்கதான் நின்னுக்கினு இருப்பேன். ஒவ்வொரு வாட்டியும் நீ பாலம் ஏறி ஓடியாருவியா?” என்றவள் குனிந்து, நாலு எண்ணையும் அவள் காதில் சொன்னாள். “பள்ளிக்கூட வேலைக்கு மட்டும் தெறக்கணும். ஓடிபிக்கு நைனா நம்பரக் குடு. எத்தினி வாட்டி தெறந்தன்னு எனக்குத் தெரிஞ்சிடும்.”

கயல் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “ரெண்டாயிரத்து ஒம்போது. இது இன்னாம்மா, வருஷமா?”

“எனக்கும் உங்க நைனாவுக்கும் கல்யாணம் ஆன வருஷம். அந்தாளுகிட்ட மட்டும் சொல்லிடாத.”

கயல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “சொல்லவே மாட்டேன். ஆனா தினம் பத்து நம்பரா போட்டுப் பாத்தாக்கூட நைனாவுக்கு இது ஞாபகம் வராதும்மா” என்றாள்.