மஸ்கெலியா பஸ்ஸில் கடைசி நீலம்

ஹட்டனில் ஏறிய பஸ் நோர்வூட்டைத் தாண்டி வளைகிறது. மடியில் இருக்கும் துணிப்பையை மறுபடியும் தடவிப் பார்க்கிறேன். உள்ளே அரை டியூப் மாங்கனீஸ் நீலம். இந்த எண்ணெய் வர்ணத்தைச் செய்வதை நிறுத்திப் பல வருடங்களாகின்றன. எந்தக் கடையிலும் கிடையாது. மஸ்கெலியாவில் நான் பழுதுபார்க்கப் போகும் ஓவியத்தின் வானத்துக்கு வேறு எந்த நீலமும் பொருந்தாது. இருப்பது போதுமா என்பதே பயம்.

வளைவில் பஸ் சரிகிறது. கைக்குழந்தையோடு பக்கத்தில் இருக்கும் பெண் விழாமலிருக்க என் பையின் மேல் கையை ஊன்றிவிடுகிறார். எடுக்கும்போது மூன்று விரல்களில் நீலம். டியூப் வெடித்துத் துணி வழியே கசிந்திருக்கிறது. அவர் கை சேலைத் தலைப்புக்குப் போகிறது.

“ஐயோ, துடைக்காதீங்க!” கத்திவிடுகிறேன். வர்ணம் குழைக்கும் கத்தியால் அந்த விரல்களிலிருந்து வழித்தால் கொஞ்சமாவது மிஞ்சும்.

அவர் கையைத் தூக்கிப் பிடிக்கிறார். “அக்கா, இது வெசமாங்க?”

“ஆமா, வாயில படக்கூடாது.” அதுவும் உண்மைதான்.

“நல்லவேள சத்தம் போட்டீங்க. இந்தக் கையாலதான் புள்ளைக்கு ரொட்டி பிச்சுக் குடுக்க இருந்தேன்.”

குழந்தை அந்த நீல விரல்களை நோக்கித் தாவுகிறது. பைக்குள் கத்தியைத் தேடிய கையால் கைக்குட்டையை இழுத்து, ஒவ்வொரு விரலாக அழுத்தித் துடைக்கிறேன்.

“நகத்துக்கு அடியிலயும் இருக்கு பாருங்க அக்கா.”

அதையும் துடைக்கிறேன்.