ஐயாயிரம்னா அஞ்சு

பேட்டரியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லேபிளில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார் நெவில். போன ஞாயிற்றுக்கிழமையும் இதையேதான் படித்தார். படித்து முடித்ததும் எங்காவது உப்பியிருக்கிறதா என்று விளிம்பைத் தடவிப் பார்க்கிறார். புறங்கையை வைத்துச் சூடு பார்க்கிறார். அதன் பிறகுதான் இரும்புப் பெட்டிக்குள் வைத்து சார்ஜரில் மாட்டுகிறார்.

இங்கிலாந்தின் லங்காஷையரில் ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டுக் கூடம். ஞாயிறுதோறும் தரையில் கம்பளம் விரித்து ரிமோட் கார் பந்தயம் விடுகிறார்கள். வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டும் நெவில், இங்கே கார் விரட்டுவதில் அசகாய சூரர். பேட்டரி விஷயத்தில் மட்டும் தொடைநடுங்கி. நண்பர் ஒருவரின் கார் கொட்டகை, சார்ஜில் இருந்த பேட்டரி தீப்பிடித்து, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குள் எரிந்து போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அன்றிலிருந்து வீட்டுக்குள் ஒரு பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றியதில்லை. மழையங்கி மாட்டிக்கொண்டு தோட்டத்தில் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "என்ன நெவில், குஞ்சு பொரிக்கும்னு காவல் இருக்கியா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்.

கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் அவரிடமிருந்து தப்பவே முடியாது. "லேபிள்ல நூறு சி-ன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். அது பேட்டரி காருக்குக் குடுக்கிற வேகம். நீ ஏத்தற வேகம் இல்ல. அத நம்பி ஏத்தினே, தொலைஞ்சே. மில்லி ஆம்ப் ஹவர்னு ஒண்ணு போட்டிருக்கும், அதப் பாரு. ஐயாயிரம்னா அஞ்சு ஆம்ப். ஆயிரத்து ஐந்நூறுன்னா ஒண்ணரை. மெதுவா ஒரு மணி நேரம் குடிக்கட்டும். திணிச்சா கோவிச்சுக்கும்." கூடத்தின் பின்கதவுக்கு வெளியே மணல் நிரப்பிய வாளி ஒன்று இருக்கிறது. அதை வாங்கி வைத்ததும் அவர்தான்.

இன்று மனைவி கிளெனிஸ் பேத்தி மேபலைக் கூட்டி வந்திருந்தாள். ஒன்றரை வயது. நெவிலின் மேசைக்கு ஒட்டினாற்போல் குழந்தை வண்டியை நிறுத்தியிருந்தார்கள். பெரிய காரின் பேட்டரி ஏறி முடிந்து, சின்ன காரின் பேட்டரியை மாட்டப் போகும்போது மேபல் சிணுங்கினாள். ஒரு கையால் வண்டியை ஆட்டிக்கொண்டே மறு கையால் மாட்டினார். அவள் கண் அயர்ந்தாள்.

"கண்ணு வச்சிரு. புகை வந்தா கத்து."

"நீ ஓட்டப் போ. நான் இதோட குடும்பமே நடத்தறவ" என்றாள் கிளெனிஸ்.

ஓட்டினார். இந்தப் பருவத்திலேயே அவருடைய சிறந்த ஓட்டம் அதுதான். ஓட்டி முடித்தவர்கள், அடுத்த ஓட்டத்தில் கவிழ்கிற கார்களை நிமிர்த்திவிட வளைவில் நிற்க வேண்டும் என்பது கிளப்பின் விதி. இடத்தை விட்டு நகர்ந்தால் அவர்களுடைய சிறந்த ஓட்டம் கணக்கில் சேராது. நெவில் மூன்றாம் வளைவில் நின்றார். கவிழ்ந்த நீலக் கார் ஒன்றை நிமிர்த்தக் குனிந்தபோதுதான் உறைத்தது. லேபிளைப் படிக்கவில்லை. சார்ஜரில் ஆம்ப் அளவையும் மாற்றவில்லை. ஒன்றரை ஆம்ப் குடிக்க வேண்டிய சின்ன பேட்டரிக்குப் பெரியதன் அஞ்சு போய்க்கொண்டிருக்கிறது.

மேசையைப் பார்த்தார். கிளெனிஸ் தேநீர் வரிசையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். பெட்டியும் குழந்தை வண்டியும் ஒரு முழ இடைவெளியில் இருந்தன. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். மோட்டார் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை.

"நெவில், எங்க போற? நகர்ந்தா உன் ஓட்டம் போயிரும், பாத்துக்கோ" என்று ஒலிபெருக்கியில் எச்சரித்தார் பந்தயம் நடத்தும் ட்ரெவர். நெவில் அதற்குள் தடுப்புப் பலகையைத் தாண்டிவிட்டார்.

பெட்டியைத் திறந்தார். பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. ஒயரைப் பிடுங்கினார். உடம்போடு ஒட்டித் தூக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர், பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். வாளியில் கவிழ்த்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி மூடினார். கொஞ்சம் தள்ளி, மழையில் நனைந்த தரையிலேயே உட்கார்ந்தார். அவருடைய ஓட்டம் ரத்து என்று உள்ளே அறிவிப்பது கேட்டது. மணல் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பின்கதவு திறந்தது. இடுப்பில் மேபலோடு கிளெனிஸ். "என்னாச்சு நெவில்? ஏன் இப்படி..." என்றபடி படியிறங்கப் போனாள்.

அவர், வராதே என்று இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்திக் காட்டினார். தூக்கம் கலைந்த மேபல் அதைப் பார்த்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் தூக்கித் தாத்தாவுக்கு ஆட்டினாள். அவர் கைகளை இறக்கவில்லை.