கடைசி ஓவரை நேசனுக்குக் கொடுத்தது

1. திங்கட்கிழமை, கன்ரீன்

அந்தத் திங்கட்கிழமை பின்னேர ஷிஃப்டுக்குப் போனபோது என்னுடைய லொக்கர் கதவில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. அதில் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: "சவிரி?" கையெழுத்தை மட்டுக்கட்ட முடியவில்லை. கிழித்தெறிந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

இரண்டு நாளைக்கு முன், சனிக்கிழமை, எங்கள் தொழிற்சாலை அணி கிரிக்கெட் அரையிறுதியில் தோற்றிருந்தது. நான்தான் கப்டன். கடைசி ஓவரை எங்கள் சுழற்பந்துக்காரர் சவிரிக்குக் கொடுக்காமல் வேகப்பந்துக்காரர் நேசனுக்குக் கொடுத்திருந்தேன். தோற்றது அந்த ஓவரில்தான்.

தொழிற்சாலை டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில், பட்டாணியும் கரட்டும் உறைய வைத்துப் பொதிசெய்யும் இடம். நாங்கள் தமிழர் இருபது பேர் வரையில் அங்கே வேலை செய்தோம். பொதிசெய்யும் பகுதிக்கு என்னை ஹோல்ட்லேடர் ஆக்கியிருந்தார்கள். பெரிய பதவி என்று நினைக்கவேண்டாம். யார் பெல்ட்டில் நிற்பது, யார் பெட்டி அடுக்குவது, யார் பனியறைக்குள் போவது என்று ஒவ்வொரு நாளும் சொல்லுகிற ஆள், அவ்வளவுதான். அதே ஆளைத்தான் கிரிக்கெட்டுக்கும் கப்டன் ஆக்கினார்கள். யார் எங்கே நிற்பது என்று சொல்லிப் பழக்கப்பட்டவன் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆட்டத்தில் நான் சுமார் ரகம்.

ஏழு மணி இடைவேளைக்குப் போனால், நடு மேசையில் உப்புப் போத்தலும் மிளகுப் போத்தலும் கோப்பைகளும் களத்தடுப்பாளர்களாக நின்றன. ஆளாளுக்கு அவற்றை நகர்த்தி, நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சவிரி மூன்று ஓவர் போட்டுப் பத்து ஓட்டம்தான் கொடுத்தவர், அவருக்கு ஒரு ஓவர் மிச்சம் இருந்தது, அடிக்கிறவன் சுழற்பந்தைக் கண்டு தடுமாறினவன், இதெல்லாம் கண்ணில்லாதவனுக்கும் தெரியும் என்றார்கள். கண்ணில்லாதவன் நான்தான் என்பது வெளிப்படை. தரப்படுத்தும் பகுதியில் வேலை செய்த இங்கர் என்ற டேனிஷ் பெண் வாழ்க்கையிலேயே முதல்முறை அந்தச் சனிக்கிழமைதான் கிரிக்கெட் பார்த்தவர். அவரும் வந்து, அந்தக் குள்ளமான மனிதரை ஏன் நிற்பாட்டினாய் என்று கேட்டார். ஒரே நாளில் ஆட்டத்தைப் படித்துவிட்டார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் சொன்னது சரி என்பது இன்னும் கூடுதலான எரிச்சல்.

சவிரி மூலையில் இருந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நேசன் கன்ரீனுக்கே வரவில்லை. பந்தை அவருக்குக் கொடுத்ததற்குக் காரணம் ஒன்று இருந்தது, ஆனால் அதைக் கன்ரீனில் வைத்துச் சொல்லமுடியாது.

2. காத்திருக்கிற ஆட்கள்

இப்போது இங்கே முதியோர் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு அந்த வருடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்களில் பலர் தனியாக வந்தவர்கள். மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பு லொட்ஜ் அறைகளிலோ இருந்தார்கள். குடும்பத்தைக் கூப்பிடச் சட்டத்தில் உரிமை இருந்தது. விண்ணப்பம் போட்டோம், பதில் வரவில்லை. அந்த விண்ணப்பங்களைக் கொப்பன்ஹேகனில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதனால் ஓர் அரசாங்கமே பதவி விலகியது. அப்போது எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. படிவத்தில் நாங்கள்தான் ஏதோ பிழைவிட்டோம் என்று நினைத்து, பழைய கொப்பிகளை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குள்ளே எழுதாத வழக்கம் ஒன்று உண்டாகியிருந்தது. குடும்பத்துக்காகக் காத்திருக்கிறவருக்கு எதிலும் முதலிடம். தொலைபேசிக் கூண்டில் அவர் முதல். காரில் போனால் முன் ஆசனம் அவருக்கு. கொண்டாட்டம் ஏதும் நடந்தால் அவருக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடையாது. நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம். அதை நான் தொழிற்சாலைக்குள்ளும் கொண்டுபோனேன். காத்திருக்கிறவர்களைப் பனியறைக்கு அனுப்பமாட்டேன்.

நேசனுக்கு அப்போது முப்பது வயது இருக்கும், பருத்தித்துறைப் பக்கம். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது நாட்டை விட்டு வெளிக்கிட்டவர். மகன் பிறந்து, கொழும்பு லொட்ஜ் ஒன்றில் தாயோடு இருந்து, நடக்கத் தொடங்கிவிட்டான். மகனை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். ஆட்டத்துக்கு முந்திய திங்கட்கிழமை அவருக்கு ஒரு கடிதம் வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்ற அதே ஒரு வரிக் கடிதம், மூன்றாவது தடவை. உடுப்பு மாற்றும் அறையில் அதை மடித்துச் சேட்டுப் பையில் வைப்பதைக் கண்டேன்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் போர்மன் பவுல் என்னைக் கூப்பிட்டு, ட்ரக் பயிற்சிக்கு ஓர் ஆளின் பெயர் தா என்றார். பெட்டி அடுக்கிய பலட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகிற வண்டியைத்தான் இங்கே எல்லாரும் ட்ரக் என்போம். பயிற்சி முடித்தவருக்கு நிரந்தர வேலை, அதுவும் பகல் ஷிஃப்ட். நேசன் அந்தப் பயிற்சிப் புத்தகத்தை எங்கேயோ இரவல் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு இடைவேளைகளில் படிப்பதை நான் கண்டிருந்தேன். ஆனாலும் நான் கொடுத்தது சவிரியின் பெயரை. நேசனின் மனம் ஒரு நிலையில் இல்லை, இந்த நேரத்தில் அவர் தலையில் வண்டியையும் ஏற்றவேண்டாம், பெல்ட்டில் லேசான வேலையாகப் பார்த்து நிற்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

3. கடைசி ஓவர்

ஆட்டத்தைப் பற்றி அதிகம் இல்லை. இருபது ஓவர். நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு எடுத்தோம். எதிரணி ஊரிலிருந்த டேனிஷ் கழகம். நேசன் தொடக்கத்தில் மூன்று ஓவர் போட்டு இரண்டு விக்கெட் எடுத்தார். கடைசி ஓவரில் அவர்களுக்கு ஒன்பது ஓட்டம் தேவைப்பட்டது. சவிரிக்கும் நேசனுக்கும் ஆளுக்கொரு ஓவர் மிச்சம். சவிரி கேட்காமலே தொப்பியைக் கழற்றி நடுவரிடம் கொடுக்க வந்துகொண்டிருந்தார்.

நான் பந்தை நேசனிடம் எறிந்தேன். இந்தக் கிழமையில் இந்த மனிதனுக்கு ஒரு நல்ல காரியமாவது நடக்கட்டும், ஊரே கைதட்டட்டும் என்பதுதான் என் எண்ணம். வேறு கணக்கு ஒன்றும் இல்லை.

"அண்ணை, சவிரியண்ணையிட்டைக் குடுங்கோவன்," என்றார் நேசன்.

"நீர் போடும். உம்மாலை ஏலும்," என்றேன்.

தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். முதல் பந்து வைட். அடுத்தது நான்கு. பிறகு ஒன்றும் இல்லை, பிறகு ஒரு ஓட்டம், பிறகு இன்னொரு நான்கு. இரண்டு பந்து மிச்சம் இருக்க ஆட்டம் முடிந்தது. எல்லைக் கோட்டோரம் நின்ற எங்கள் ஆட்கள் என்னைத்தான் பார்த்தார்கள், நேசனைப் பார்க்கவில்லை. சவிரி தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

4. செவ்வாய்க்கிழமை

கன்ரீன் பேச்சு ஒரு கிழமையில் அடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கிடைக்கவேண்டியது வேறு ஆளிடமிருந்து கிடைத்தது. செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் தொடங்க அரை மணி முன் நேசன் வந்து, உடுப்பு மாற்றும் அறை வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஆறுதல் சொல்லத் தயாரானேன்.

"மூண்டாவது ஓவர் முடியவே தோள் ஏலாது எண்டு சொன்னனான், அண்ணை. நீங்கள் முதுகிலை தட்டிப்போட்டுப் போட்டியள்."

சொன்னார்தான். அது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தக் கிழமை முழுக்க அவர் பெட்டி தூக்கியவர். இரண்டு பேர் வராததால் லேசான வேலை என்ற என் ஏற்பாடு அடுத்த நாளே குழம்பிவிட்டிருந்தது.

"கடிதம் வந்தபடியாத்தானே பந்தைத் தந்தனீங்கள்?"

"ஓம்," என்றேன்.

"ட்ரக்குக்கு என்ரை பேரைக் குடுக்காததும் அதாலைதானே?"

எப்படியோ அந்தச் செய்தி அவர் காதுக்குப் போயிருந்தது. நேசன் சத்தம் போடவில்லை. சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே கதைத்தார்.

"மனுசியும் பிள்ளையும் வந்தால் பின்னேரத்திலை நான் வீட்டிலை நிக்கவேணும், அண்ணை. மகன் என்னை ஒருநாளும் கண்டதில்லை. வந்த பிறகும் அவன் நித்திரையாப் போனாப்பிறகுதான் நான் வீட்டை போறதெண்டால், அவன் வந்து என்ன, வராமல் என்ன? பகல் வேலைக்கு எனக்கு வேறை வழி இல்லை. கொப்பன்ஹேகனிலை இருக்கிறவன் என்ரை பைலைத் திறக்கிறான் இல்லை. அவனுக்கு என்னைத் தெரியாது. நீங்கள் ரெண்டு வருசமா எனக்குப் பக்கத்திலை நிக்கிறியள். நீங்களும் என்னட்டை ஒண்டும் கேக்கிறியள் இல்லை."

நாடாவைக் கட்டி முடித்துவிட்டு எழும்பிப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வேறு சொல் தேடத் தேவையில்லை.

ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு பவுலிடம் போனேன். ட்ரக்குக்குக் கொடுத்த பெயர் பிழை, நேசனைத்தான் அனுப்பவேண்டும் என்றேன். பெயரை ஒபீசுக்கு அனுப்பியாயிற்று என்று பவுல் முகத்தைச் சுளித்தார். கடிதத்தைப் பற்றி, கொழும்பைப் பற்றி, பார்க்காத மகனைப் பற்றி எனக்குத் தெரிந்த டேனிஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"அதெல்லாம் சரி. அவனுக்கு விருப்பமா எண்டு கேட்டியா?"

புத்தகம் படித்துக்கொண்டிருந்தார் என்று இழுத்தேன்.

பவுல் எழும்பி நேரே பெல்ட்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன். ட்ரக் ஓட விருப்பமா என்று கேட்டார். "யா," என்றார் நேசன். பவுல் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். இவ்வளவும் இரண்டு விநாடி. போகிற போக்கில் அவரும், அந்தக் குள்ளமான ஆளை ஏன் நிற்பாட்டினாய் என்று என்னைக் கேட்டார்.

சவிரியிடம் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. அவர் என்னைவிட மூத்தவர், மன்னார்க்காரர். கிடைத்த பகல் வேலையைப் பறிக்கிறேன் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் சிரித்தார். "எனக்கு அந்த வண்டியைக் கண்டாலே பயம், தம்பி. என்னையும் நீ கேக்கேல்லை."

5. பிறகு

நேசன் பயிற்சியில் முதல் தடவையே சித்தியடைந்தார். அந்த இலையுதிர்காலத்தில் பகல் ஷிஃப்டுக்குப் போனார். நான் பனியறைக்கு ஆள் அனுப்பும்போது எல்லாரையும் கேட்கத் தொடங்கினேன், காத்திருக்கிறவர்கள் உட்பட. அவர்களில் இரண்டு பேர் பனியறைதான் வேண்டும் என்றார்கள். அங்கே யாரும் வந்து கதை கேட்கமாட்டார்களாம். ஒரு வருடமாக அவர்களை நான் வெளியே நிறுத்தி வைத்திருந்தேன்.

ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற புத்திமதி இவ்வளவுதான். இரக்கம் வரும்போதுதான் கட்டாயம் கேளுங்கள். கோபத்தில் எடுத்த முடிவைப் பிறகாவது திரும்பிப் பார்ப்போம். இரக்கத்தில் எடுத்த முடிவை ஒருநாளும் திரும்பிப் பார்க்கமாட்டோம், அதைச் சரி என்று நினைத்துக்கொண்டே செத்துப்போவோம்.

நேசனின் மனைவிக்கும் மகனுக்கும் விசா வர இன்னும் ஒன்றரை வருடம் எடுத்தது. அந்த நாட்களில் யாருக்காவது குடும்பம் வந்தால் ஹோர்சன்ஸ் தமிழர் அத்தனை பேரும் கார் பிடித்து, கப்பல் ஏறி, கொப்பன்ஹேகன் விமான நிலையத்துக்கு மாலையோடு போவது வழக்கம். சாப்பாடு சமைப்பவர்கள் வேறு, படம் எடுப்பவர்கள் வேறு. நான் மனதுக்குள் மூன்று காரும் யார் யார் எதில் ஏறுவது என்பதும் முடித்து வைத்திருந்தேன். பிறகு நேசனின் வீட்டுக்குப் போய், யார் யார் வரட்டும் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் வரவேண்டாம், அண்ணை. நான் தனியப் போறன்."

நான் திரும்பி வந்து எல்லாருக்கும் சொன்னேன். திட்டினார்கள், கடைசி ஓவருக்குத் திட்டியதைவிடக் கூடுதலாகவே திட்டினார்கள். நேசன் ஒரு சின்னப் பையோடு ரயிலில் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹோர்சன்ஸ் தமிழர் முழுப்பேரும் வீட்டில் சும்மா இருந்தோம். அத்தனை வருட வேலையில் அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்றை நான் செய்ததில்லை.