மூன்று காய்ந்த தரைகள்

என் அக்காவிடம் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பாள். அடிப்பக்கம் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. தட்டு, செருப்பு, பழம், பக்கத்து வீட்டுக்காரி ஆசையாகக் கொண்டுவந்து நீட்டும் கேக், எதற்கும் விலக்கில்லை.

ஒன்பது வருடமாக அவள் பார்க்கும் வேலை அப்படி. ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கு. ஆன்லைனில் வாங்கிவிட்டு ஜனங்கள் திருப்பி அனுப்பும் சாமான்கள் அங்கேதான் வந்து குவியும். அக்கா ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, அனுப்பியவர் சொல்லும் காரணம் நிஜமா புளுகா என்று பார்த்து ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். 'ஒரு தடவைகூடப் போடவில்லை' என்று வந்த சட்டையின் கழுத்தில் வியர்வை நாறும். 'வந்த அன்றே உடைந்திருந்தது' என்ற மின்விசிறியின் இறக்கையில் மூன்று மாதத் தூசு படிந்திருக்கும். இப்படி நாளைக்கு நூற்றிருபது பெட்டி பார்க்கிறவள் வீட்டுக்கு வந்ததும் உலகத்தை நம்பிவிடுவாளா என்ன?

அதிகம் ஒட்டும் சீட்டு எது என்று ஒருநாள் கேட்டேன்.

"'பழுது இல்லை, பயன்படுத்தியவருக்குத் தெரியவில்லை.' அதுதான் கட்டுக்கட்டா தீரும்" என்றாள். "பாட்டரிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் துண்டு வச்சிருப்பான்டா. அத உருவிட்டுத்தான் போடணும். உருவாமலே 'பொம்மை பேசல, ஏமாத்திட்டீங்க'ன்னு நாலு வரி திட்டி அனுப்பியிருக்கு ஒரு ஜென்மம்." சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு. அத்தான் கப்பலில் எலக்ட்ரீஷியன், வருடத்தில் எட்டு மாதம் கடல். நான் ஹாலில் படுத்துக்கொண்டு, ஹாலிலேயே உட்கார்ந்து ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறேன். மிச்சம் இருப்பது சுண்டு, அக்கா மகள். வயது ஏழு. அம்மாவின் தொழில் அவளுக்கு இப்போதே பாதி வந்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து ஒரே கேள்விதான் கேட்பாள்: "நிஜமாவா, சும்மாவா?"

அக்கா ஊரையெல்லாம் சந்தேகப்படுவாள். ஆனால் சுண்டு அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டால் ஒருதரம்கூட 'சும்மா' என்று ஆகிவிடக் கூடாது. அதில் அவளுக்கு ஒரு வீம்பு. நாளைக்குப் பென்சில் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்தால், கடை அடைக்கும் நேரத்துக்கு மழையில் ஓடிப்போய் வாங்கி வருவாள்.

இந்தக் கோடை விடுமுறையில் மழை எங்கே வந்தது? மின்விசிறி அனலை அள்ளி அள்ளி வீசியது. குழாயைத் திறந்தால் வெந்நீர். சுண்டு சமையலறைத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, "அப்பா மட்டும் அவ்ளோ தண்ணி வச்சிருக்காரு" என்று புலம்பினாள். அப்போதுதான் அக்கா வாயைக் கொடுத்தாள்.

"திங்கக்கெழம எனக்கு லீவு. உன்னத் தண்ணித்தரைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நிஜமாவா, சும்மாவா?"

"நிஜமா."

தண்ணித்தரை என்பது எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். அது குளமுமில்லை, நீச்சல் தொட்டியுமில்லை. பூங்காவின் மூலையில் ஒரு சிமெண்டுத் தரை, தரையெங்கும் துளைகள், துளைகளிலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீச்சியடிக்கும். கால் நனையும் ஆழம்கூட இல்லாததால் நீச்சல் தெரியாத பிள்ளைகளும் குதிக்கலாம். எங்கள் தெருவில் நாள் முழுக்கத் தானாகவே ஓடிக்கொண்டிருந்ததை உடைத்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். மற்றவை ஊரில் எங்கெங்கே இருக்கின்றன என்று கட்டடத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். இரண்டாவது மாடி டாக்ஸிக்காரர்.

ஐம்பது வயது இருக்கும். தனி ஆள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரோடு சுவராக ஒதுங்கி வழி விடுவார். அந்த விஷயத்தில் நானும் அவரும் ஒரு ஜாதி, இரண்டு பேரும் ஒதுங்கி நின்று யார் முதலில் போவது என்று தெரியாமல் விழிப்போம். நாளெல்லாம் ஊரைச் சுற்றுகிறவர். காலை ஆறு மணிக்குக் கட்டடத்து வாட்ஸப் குழுவில் அவரிடமிருந்து ஒரு பட்டியல் வரும். 'நூலகம் பின்புறம் - ஓடுது. கூடைப்பந்து மைதானம் - ஓடுது. பழைய சந்தைப் பூங்கா - ஓடுது. ரயில் பாலத்துக்குக் கீழே - ஓடுது.' அவ்வளவுதான். காலை வணக்கம், பூ, பூனைப் படம் எதுவும் கிடையாது.

"ஏன்டா, புள்ளகுட்டி இல்லாத மனுஷன். இவருக்கு எதுக்கு இந்த வேல?" என்றாள் அக்கா.

"தெரிஞ்சதச் சொல்றாரு போல."

"யாரும் சும்மா எதையும் சொல்ல மாட்டாங்க. பெட்டியப் பிரிச்சாத்தான் தெரியும்."

முதல் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். அது அக்காவின் திட்டம். கூட்டம் வந்துவிட்டால் எந்தப் பிள்ளைக்கு என்ன சொறியோ, எது தண்ணீரில் ஒன்றுக்குப் போகுமோ, யார் கண்டது? யாரும் வருவதற்கு முன்னால் ஆடிவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

நூலகத்துக்குப் பின்னால் ஈ காக்கை இல்லை. தண்ணீரும் இல்லை. சுண்டு நீச்சல் உடையும் கண்ணாடியுமாகத் தரையின் நடுவே போய் நின்றாள். போன வருடத்து உடை, தோள்பட்டையில் இறுக்கி, தோல் சிவந்திருந்தது. ஒரு துளைமேல் காலை வைத்தாள், எடுத்தாள். அடுத்த துளைக்குப் போனாள். அக்கா குந்தி உட்கார்ந்து ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"எறும்பு லைன் கட்டிப் போகுது பாரு. தண்ணி வர்ற எடத்துல எறும்பு ரோடு போடுமா? இது ஓடிப் பல நாளாச்சு."

இரண்டாவது திங்கள் கூடைப்பந்து மைதானம். அதே ஒன்பது மணி, அதே வெயில், காய்ந்த தரை. இந்த முறை சுண்டு கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கவே இல்லை. தரையின் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மஞ்சள் இரும்புக் கம்பம் நின்றது. அதன் தலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. இத்தனை கைகள் இதை எதற்குத் தொட்டிருக்கும் என்று தோன்றியது. சொல்ல வாயெடுத்தேன். அக்கா போனில் கட்டைவிரல் நோகத் தட்டிக்கொண்டிருந்தாள். இப்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். நான் இப்படி விட்டவற்றுக்குக் கணக்கே கிடையாது. இதை மட்டும் அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இங்கே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அவள் தட்டியது குழுவுக்கு. 'ரெண்டு இடம் போய்ப் பார்த்தாச்சு. ரெண்டும் ஓடல.'

மூன்றாம் மாடி அம்மா ஒருத்தி, 'நாங்க சாயங்காலம் போனப்ப நல்லா ஓடிச்சே' என்று எழுதினாள்.

"அவ அப்படித்தான் சொல்லுவா. வாரத்துல நாலு நாள் அந்த ஆளு டாக்ஸிலதான் ஏறுறா" என்றாள் அக்கா. சொன்ன வேகத்திலேயே அவள் முகம் மாறியது. ஒரு பெட்டியின் உள்ளே கையை விட்டுவிட்ட முகம். "அட... அதான் விஷயம்! லிஸ்ட்டு போட்டா ஜனங்க கெளம்பும். புள்ளைங்களோட வெயில்ல பஸ்சுக்கு நிக்குமா? டாக்ஸியக் கூப்பிடும். எப்படி வலை பின்னுறான் பாரு!"

"நாம பஸ்லதானே போனோம்?"

"நாம உஷார்."

மூன்றாவது திங்கள் பழைய சந்தைப் பூங்கா. சந்தேகமே இல்லாமல் காய்ந்து கிடந்தது. சுண்டு பையைத் திறக்கவே இல்லை. அன்று பகல் அக்கா குழுவில் எழுதினாள்: 'மூணு இடம். மூணும் பொய். நான் செக் பண்றதையே வேலையா வச்சிருக்கறவ. புள்ளைங்கள வச்சு யார் ஆதாயம் தேடறாங்கன்னு எல்லாரும் யோசிச்சுக்குங்க.'

யாரும் மறுத்துப் பேசவில்லை. கிடங்கில் பெட்டி பிரிப்பவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பட்டியல் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. படிக்கட்டில் டாக்ஸிக்காரரைப் பார்த்தேன். வழக்கம்போல ஒதுங்கினார். ஆனால் இந்தமுறை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா, கையும் களவுமாப் பிடிச்சதும் கப்சிப்" என்றாள் அக்கா.

அந்தக் குஷி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். அன்றைக்கு அலமாரியின் கீழ்த்தட்டில் சுண்டு எதையோ திணித்துக்கொண்டிருந்தாள். நீச்சல் உடையும் கண்ணாடியும். அது குளிர்காலத் துணிகளின் தட்டு.

"என்னடி பண்ற? நாளைக்குப் போகணும்ல? ரயில் பாலத்துக்குக் கீழ ஒண்ணு பாக்கி இருக்கு."

"சரிம்மா" என்றாள் சுண்டு, திரும்பாமல்.

அக்கா காத்திருந்தாள். நானும் திருத்தாளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேள்வி வரவில்லை. நிஜமாவா சும்மாவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இனி எதுவும் இல்லை என்பதுபோல அவள் தட்டின் கதவைச் சாத்தினாள்.

இரவு சாப்பிடும்போது அக்கா என்னிடம் கிசுகிசுத்தாள்: "அவ கேக்கல பாத்தியா?"

"பாத்தேன்."

"நாளைக்கும் அங்க தண்ணி இல்லன்னா, அவ்ளோதான்டா. இனிமே நான் எதச் சொன்னாலும் இவளுக்குச் சும்மாதான்."

அந்தத் திங்கட்கிழமை பார்த்துக் கிடங்கிலிருந்து அரை நாள் வரச்சொல்லிவிட்டார்கள். அக்கா ஓட்டமும் நடையுமாக வந்து எங்களை அழைத்துக்கொண்டு ரயில் பாலத்தை அடையும்போது மணி ஒன்று. பூங்கா வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. எண்ணைப் பார்த்ததும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்த ஆளேதான். சத்தம் போடாதே."

அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் மூன்று பேரும் ஒளிந்தோம். பலகையில் 'பந்து விளையாடக் கூடாது' என்று எழுதியிருந்தது. ஒளியக் கூடாது என்று எழுதவில்லை.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஆளே இல்லாத பூங்காவில் இருபது முப்பது பீச்சல்கள் வெயிலில் எழும்பி எழும்பி விழுந்தன. ஓரத்துத் திண்டில் டாக்ஸிக்காரர் உட்கார்ந்திருந்தார். பேண்ட் முழங்கால்வரை மடிக்கப்பட்டிருந்தது. ஷூவும் சாக்ஸும் பக்கத்தில், சாக்ஸ் ஷூவுக்குள் ஒழுங்காகச் சுருட்டி. மடியில் சாப்பாட்டு டப்பா. பாதம் இரண்டையும் தண்ணீரில் நீட்டிவிட்டு மென்றுகொண்டிருந்தார்.

"இதுக்குத்தான் எல்லா எடமும் தெரிஞ்சு வச்சிருக்காரு போல" என்றேன்.

"சும்மா இரு. யாருக்காகவோ காத்திருக்காரு. இப்ப யார் வராங்கன்னு பாரு."

யாரும் வரவில்லை. தண்ணீர்தான் நின்றது. ஒரே நேரத்தில் எல்லாப் பீச்சல்களும் மடங்கித் துளைக்குள் போயின. ஐந்து நிமிடத்தில் அந்த வெயில் தரையைக் காயவைத்துவிடும் போலிருந்தது. டாக்ஸிக்காரர் டப்பாவை மூடி வைத்தார். எழுந்து வெறுங்காலோடு நடந்து, ஓரத்து மஞ்சள் கம்பத்தின் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவர் டப்பாவைத் திறப்பதற்குள் தண்ணீர் எழுந்துவிட்டது.

அக்காவின் பிடி என் கையில் தளர்ந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாத நேரம் என்று சில உண்டு.

சுண்டு அதற்குள் பாய்ந்துவிட்டாள். நீச்சல் உடை பையிலேயே கிடக்க, போட்டிருந்த கவுனோடு தண்ணீருக்குள் போய்க் கத்தினாள். டாக்ஸிக்காரர் முதலில் அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பலகைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்ட எங்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. பாதிச் சாப்பாட்டை மூடி, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரக் காலோடு டாக்ஸிக்குப் போய் ஏறிவிட்டார். சூடான நடைபாதையில் அவர் காலடித் தடம் டாக்ஸி திரும்பும் முன்பே காய்ந்துபோயிற்று. அக்கா "அண்ணே" என்று கூப்பிட்டாள். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

தண்ணீர் மறுபடி நின்றபோது சுண்டு தானே கம்பத்துக்கு ஓடி அழுத்தினாள். மூன்றாவது தடவை அழுத்திவிட்டு, சொட்டச் சொட்ட எங்களிடம் வந்தாள்.

"அம்மா, பந்து மைதானத்துலயும் இந்தக் கம்பம் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"அப்ப அங்கயும் தண்ணி வந்திருக்குமா?"

அது வேற மாதிரிக் கம்பம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சுண்டு நம்பியிருப்பாள். அக்கா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"வந்திருக்கும். மூணு எடத்துலயும் வந்திருக்கும். அம்மாதான் அழுத்திப் பாக்கல. தப்பு என்னுது."

"நிஜமாவா, சும்மாவா?"

நேற்று வராமல் போன கேள்வி. அக்கா முந்தானையால் குழந்தையின் தலையை அழுந்தத் துடைத்தாள்.

"நிஜமா."

சுண்டு அம்மாவின் முகவாயைப் பிடித்து உயர்த்தி ஒரு தடவை பார்த்தாள், ஒரு பொருளின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுபோல. திருப்தியானதும் கம்பத்துக்கு ஓடிவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா குழுவுக்கு எழுதினாள். எழுதி அழித்தாள், எழுதி அழித்தாள். மன்னிப்பு என்ற சொல் நாலு தடவை வந்து நாலு தடவை போயிற்று. கடைசியில் போனை என்னிடம் நீட்டி, "பிழை இருக்கா பாரு" என்றாள்.

'நூலகம், பந்து மைதானம், பழைய சந்தை: மூன்றிலும் பழுது இல்லை. பயன்படுத்தியவருக்குத் தெரியவில்லை. மஞ்சள் கம்பத்தை அழுத்த வேண்டும். இரண்டாவது மாடி அண்ணன் போட்டது எல்லாம் சரி. தவறாகச் சொன்னது நான். - நாலாவது மாடி.'

பிழை இல்லை என்றேன்.

அன்று முழுக்கப் பதில் வரவில்லை. மூன்றாம் மாடி அம்மா மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டாள். அதில் கேலி இருக்கிறதா என்று அக்கா அரை மணிநேரம் ஆராய்ந்தாள். மறுநாள் ஆறு மணிக்கு அக்கா எழுந்து பல்கூடத் துலக்காமல் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு ஐந்துக்கு வந்தது.

'நூலகம் - ஓடுது. பந்து மைதானம் - ஓடுது. ரயில் பாலம் - ஓடுது. பழைய சந்தை - ஓடுது, கம்பம் கொஞ்சம் இறுகல். ரெண்டு தடவை அழுத்தணும்.'

அக்கா அதை மூன்று முறை படித்தாள். மூச்சை விட்டாள். அப்புறம் மெல்ல அவள் புருவம் சுருங்கியது.

"ரெண்டு தடவையா?" என்றாள். "ஏன்டா, மத்ததுக்கெல்லாம் ஒரு தடவ. இதுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"